மணல் பீய்ச்சும் கருவியுடன் 9 ஆண்டுகள்

எண்ணெய்க் கிணற்றில் வேலை பார்த்தேன் என்று திருச்செங்கோட்டில் சொன்னால் யாரும் வியப்பதில்லை. "எத்தனை அடி?" என்று கேட்பார்கள், அவ்வளவுதான். போர்வெல் போடும் ரிக் வண்டிகளால் பிழைக்கும் ஊர் இது. ஆனால் துளை போடுவது என் வேலையல்ல, போட்ட துளையில் ஒழுகலை அடைப்பதே என் வேலை என்று சொன்னபோது பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. அவருக்கு இரண்டு வண்டிகள் ஓடுகின்றன. "ஒழுகினால் பக்கத்தில் இன்னொன்று போட்டுவிட வேண்டியதுதானே, கண்ணு?" என்றார். வளைகுடா நாடொன்றின் பாலைவனத்தில் 9 ஆண்டுகள் அந்த ஒழுகலோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்து போர்வெல்லில் மண் முடிந்து பாறை தட்டும் வரைதான் கேசிங் குழாய். அதற்குக் கீழே வெறும் பாறை. எண்ணெய்க் கிணறு அப்படியல்ல. குழாய்க்குள் குழாயாக இறக்கி, வெளிக்குழாய்க்கும் பாறைக்கும் நடுவில் சிமெண்ட் நிரப்புவார்கள். அந்த சிமெண்ட் எங்காவது சரியாகப் பிடிக்காமல் போனால், மயிரிழை இடுக்கு போதும், எரிவாயு மேலே ஏறிவிடும். கிணற்று வாயில் உள்ள அழுத்தமானியில் முள் நகரும். வாயுவைத் திறந்து விட்டால் முள் இறங்கும்; சில நாளில் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். ஓட்டை குழாயில் இல்லை, குழாயின் முதுகுப்பக்கம் இருக்கிறது. உள்ளே நின்றுகொண்டு முதுகைச் சொறிய வேண்டும்.

அடைக்கும் சரக்கை அங்கே செலுத்த, முதலில் குழாயை உள்ளிருந்து திறக்க வேண்டும். இதற்கு நான் பயன்படுத்திப் பார்த்த வழிகள் மூன்று. வெடிமருந்துத் துப்பாக்கியை இறக்கிக் குழாயைச் சுடுவது நொடியில் முடிந்துவிடும். ஆனால் துளைகள் சிறியவை, ஏற்கெனவே நொந்துபோன சிமெண்டும் அதிர்ச்சியில் விரிசல் விடலாம். குழாயையே கடைந்து எடுப்பது இன்னொரு வழி. கோவையில் லேத் பட்டறைப் பக்கம் போனவர்களுக்குத் தரையில் கிடக்கும் இரும்புச் சுருள் தெரிந்திருக்கும். அந்தச் சுருள் இரண்டு கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தாக வேண்டும், வழியில் எந்த வால்விலும் சிக்காமல். ஒருமுறை அந்த வேலையில் மாட்டி ஒரு வாரம் தூக்கத்தைத் தொலைத்தேன். அதன் பிறகே மூன்றாவது வழியான மணல் பீய்ச்சும் கருவிக்கு மாறினோம்.

பெரிய உருளையில் சுற்றிய எஃகுக் குழாயின் நுனியில் கருவியைக் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவோம். அதில் நான்கைந்து மில்லிமீட்டர் அகலமுள்ள கடின உலோக முனைகள் இருக்கும். சர்க்கரைப் பருமனுள்ள மணலை லிட்டருக்கு 100 கிராம் அளவில் தண்ணீரில் கலந்து, சதுர அங்குலத்துக்கு 3,000 பவுண்டு அளவில் அழுத்துவோம். ரிக் வண்டிக் கம்ப்ரசரின் காற்றழுத்தத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. முனையிலிருந்து நொடிக்கு 200 மீட்டர் வேகத்தில் வெளிவரும் தாரை பத்துப் பதினைந்து நிமிடத்தில் எஃகையும் சிமெண்டையும் கடந்து பாறையைத் தொட்டுவிடும். வெடி இல்லை, சுருள் இல்லை. மணல் அடியில் தங்காமல் மிதந்து வர, தண்ணீரில் ஒரு பிசினைக் கரைப்பார்கள். முதல்நாள் மூட்டையைப் பார்த்து என்னவென்று விசாரித்தால், கொத்தவரை விதையில் எடுத்த மாவு! உலகத்துக்குத் தேவையானதில் பெரும்பகுதி ராஜஸ்தான் பக்கம்தான் விளைகிறது. அம்மாவிடம் சொன்னபோது, பொரியலுக்கு வாங்குவதைக் கிணற்றிலா கொட்டுகிறீர்கள் என்றார்.

இனி குறைகள். இரும்பில் மோதித் திரும்பும் மணல் நம் கருவியின் முகத்தையே அரிக்கும். முதல் ஆண்டில் இதைக் கவனிக்காமல் ஒரு கருவியைப் பாழாக்கினோம். பிறகு ஒவ்வொரு வேலைக்குப் பின்னும் முனையை அளந்து, அகன்றிருந்தால் கழற்றி எறிவது வழக்கமாயிற்று.

பம்பு நின்றால் வேறு வம்பு. ஒரு நள்ளிரவில், வெட்டு பாதியில் இருக்கும்போது பம்பு வண்டியின் இன்ஜின் அணைந்தது. மிதந்துகொண்டிருந்த மணல் முழுவதும் கருவியின் தலைமேல் உட்கார்ந்துவிட்டது. இழுத்தால் வரவில்லை, தள்ளினால் போகவில்லை. விடுவிக்க 14 மணி நேரம். மாற்றுப் பம்பு ஓடும் நிலையில் நிற்காவிட்டால் மணல் மூட்டையைப் பிரிக்கவே நான் விடுவதில்லை என்ற பெயர் அதன் பிறகு எனக்கு வந்தது. கெட்ட பெயர்தான், வைத்துக்கொண்டேன்.

ஆழக்கணக்கும் ஏமாற்றும். கருவியை இறக்கும் குழாய் தன் எடையாலும் உள்ளழுத்தத்தாலும் நீளும். மேலே மீட்டர் காட்டுவது ஒன்று, கருவி நிற்பது வேறிடம். கேசிங் மூட்டுகளைக் காந்தத்தால் உணரும் கருவியை வைத்துச் சரிபார்க்காத ஒருநாள், நல்ல சிமெண்ட் இருந்த இடத்தை அழகாக வெட்டி வைத்தோம். இரண்டாவது குழாயையும் சேர்த்து வெட்டும் என்று விற்பவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. நீருக்குள் பாயும் தாரை சில அங்குலத்திலேயே வேகமிழந்துவிடும். வெட்டுப்பட்டதா இல்லையா என்று மேலே நிற்பவனுக்குத் தெரியவும் தெரியாது. ஒற்றைக் குழாய்க்குப் பின்னால் உள்ள கசிவென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் கேட்பேன்.

ஒன்றை மறைக்கக் கூடாது. இந்தக் கருவி எதையும் அடைப்பதில்லை, வாசல் திறந்துவிடுகிறது. அடைப்பது அதன் பின் அழுத்தும் சரக்கு. சாதாரண சிமெண்டின் துகள் மயிரிழை இடுக்கில் நுழையாது. மிக நைசாக அரைத்த சிமெண்டோ, ரெசின் எனப்படும் இறுகும் பிசினோ வேண்டும். செலவைப் பார்த்துச் சாதாரண சிமெண்டையே அழுத்திய இரண்டு கிணறுகளில் சில மாதத்தில் முள் திரும்ப ஏறியது. பழி கருவிமேல் விழுந்தது.

ஊர் திரும்பியதும் பெரியப்பா கேட்டார், அதை இங்கே கொண்டுவர முடியாதா என்று. வேண்டாம் என்றேன், பம்புச் செலவில் நான்கு போர் போட்டுவிடலாம். ஆனால் ஒரத்துப்பாளையம் பக்கம் மாமாவின் தோட்டத்துப் போர்வெல்லில் மழை பெய்தால் செந்நீர் வந்துகொண்டிருந்தது. கேசிங் பாறையில் சரியாக உட்காரவில்லை. நொய்யல் ஆற்றோரம் என்பதால் வருவது செம்மண் மட்டுமா? திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச்சொல்லி 2011-இல் நீதிமன்றம் ஆணையிடும் முன்பே மேல்மண்ணில் இறங்கிய உப்பும் கூட வரும். பக்கத்தில் இன்னொன்று போட்டாலும் இதே மேல்நீர்தான். 6½ அங்குலத் துளைக்குள் 5 அங்குல பிவிசி குழாயை, கீழே ரப்பர் வளையம் கட்டி, நல்ல பாறை வரை இறக்கினோம். இடைவெளியில் சிமெண்ட் பாலை ஊற்றினோம். இரண்டு நாள் மோட்டாரைத் தொடக்கூடாது என்று மாமாவிடம் சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

மூன்று மழைக்காலம் போய்விட்டது. ஒவ்வொரு பெருமழைக்கும் முதல் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து மாமா எனக்குப் படம் அனுப்புகிறார். செந்நீர் இல்லை. போன வாரம் வந்த படத்தில் மட்டும் டம்ளரின் அடியில் ஒரு சிட்டிகை வெள்ளை மணல் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும்.