நூறு மணி மாலை: ஒரு கல்வியாண்டு முழுவதும் பயன்படுத்திய பின் எழுதும் மதிப்புரை

தொடக்கப் பள்ளிக் கணக்கு வகுப்புக்கென்று கடைகளில் விற்கப்படும் நூறு மணி மாலையைச் சென்ற ஜூன் மாதம் வாங்கி, ஏப்ரல் மாதம் வரை பள்ளி நடந்த எல்லா நாளும் என் வகுப்பறையில் பயன்படுத்தினேன். நான் பணியாற்றுவது ஓர் ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளைச் சேர்ந்த 23 குழந்தைகளும் ஒரே அறையில் என்னிடம் படிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2022 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள எண்ணும் எழுத்தும் திட்டத்தின்படி அவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று கற்றல் நிலைகளில் இருக்கிறார்கள். மூன்று நிலையினருக்கும் ஒரே நேரத்தில் வேலை கொடுக்கக்கூடிய பொருள் ஒன்றைத் தேடியபோதுதான் இந்த மாலை என் கண்ணில் பட்டது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பதினாறு ஆண்டுப் பணியில் இதைவிடப் பயனுள்ள கணக்குப் பொருளை நான் கையாண்டதில்லை, ஆனால் எனக்கு விற்கப்பட்ட மாலையைச் செய்தவர்கள் அதை வகுப்பறையில் ஒரு நாள்கூடப் பயன்படுத்திப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

பொருள் மிக எளியது. ஒரு கயிற்றில் நூறு மர மணிகள் கோக்கப்பட்டிருக்கும். பத்து மணிகள் ஒரு நிறம், அடுத்த பத்து வேறொரு நிறம் என்று மாறி மாறி வரும். மணி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2 செ.மீ. அகலம் என்பதால் மணிகள் மட்டுமே 2 மீட்டர் நீளம் வரும்; கரும்பலகையின் குறுக்கே கட்டினால் அறையின் கடைசி வரிசை வரை தெரியும். நெதர்லாந்தில் கணிதவியலாளர் ஹான்ஸ் ஃப்ராய்டன்தாலின் வழிவந்த கல்வியாளர்கள் தொடக்க வகுப்புகளுக்கு இத்தகைய மாலையைப் பரவலாக்கினார்கள். நம் நாட்டில் டெல்லியைச் சேர்ந்த ஜோடோ கியான் அமைப்பு இதைக் ‘கணித்மாலா’ என்ற பெயரில் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது. நான் வாங்கியது அவர்களுடையது அன்று. கல்விப் பொருள்கள் விற்கும் கடையொன்றில் 480 ரூபாய்க்குக் கிடைத்த, தயாரிப்பாளர் பெயர் அச்சிடப்படாத மாலை. என் குழந்தைகள் முதல் நாளே அதற்குப் ‘பாசி’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் கழுத்தில் போடும் மணிக்கு அதுதான் சொல்.

காலை வருகைப் பதிவு முடிந்ததும் பத்து நிமிடம் பாசிக்கு. இரண்டு துணிக் கிளிப்புகள் எப்போதும் அதில் தொங்கும். நீலக் கிளிப்பு இந்த ஆண்டில் பள்ளி நடந்த நாள்களைக் காட்டும். ஒவ்வொரு நாளும் ஒரு குழந்தை வந்து அதை ஒரு மணி தள்ளி மாட்ட வேண்டும். சிவப்புக் கிளிப்பு இன்று வந்தவர்களின் எண்ணிக்கையைக் காட்டும். 23 மணிகள் முடியும் இடத்தில் ஒரு நூல் கட்டியிருக்கிறேன். பத்தொன்பது பேர் வந்திருந்தால் சிவப்புக் கிளிப்புக்கும் நூலுக்கும் இடையில் நான்கு மணிகள் நிற்கும். அந்த நான்கு பேர் யார் என்று குழந்தைகளே பெயர் சொல்லிவிடுவார்கள். கழித்தல் என்ற சொல்லை அறியாத முதல் வகுப்புக் குழந்தை அதற்குள் கழித்து முடித்திருக்கும். நூறாவது பள்ளி நாளன்று வேகவைத்த கொண்டைக்கடலையைப் பத்துப் பத்தாகத் தட்டில் அடுக்கி நூறு சேர்த்தோம். நீலக் கிளிப்பு மாலையின் கடைசிக்குப் போய் நின்றபோது, இனி எங்கே மாட்டுவது என்று குழந்தைகள் கேட்டார்கள். அருகில் ஓர் ஆணி அடித்து, அதில் ஒரு நூலைத் தொங்கவிட்டு, அந்த நூல் ஒரு நூறு என்று சொல்லிவிட்டு, கிளிப்பை மீண்டும் முதல் மணிக்குக் கொண்டுவந்தோம். 101 என்ற எண்ணை அன்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை.

இந்த மாலையின் முழுப் பயனும் எனக்குத் தெரிந்தது ஜூலை மாத நடுவில். முப்பத்தெட்டு எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டேன். இரண்டாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் தொடக்கத்திலிருந்து ஒவ்வொரு மணியாகத் தொட்டு எண்ணினான். இருபத்தாறில் விரல் தவறி, மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். அவன் அருகில் நின்றவள் நிறம் மாறும் இடங்களை மட்டும் தொட்டுப் பத்து, இருபது, முப்பது என்று தாவி, பிறகு எட்டு மணிகளை எண்ணினாள். மூன்றாம் வகுப்பைச் சேர்ந்த மற்றொருத்தி எதையும் எண்ணவில்லை. நாற்பது முடியும் இடத்தில் விரலை வைத்து இரண்டு மணி பின்னால் வந்து நின்றாள். மூவரின் விரலும் ஒரே இடத்தில் இருந்தன. அவள் எப்படி எண்ணாமலேயே கண்டுபிடித்தாள் என்று சிறுவன் அவளிடமே கேட்டான். அவள் அவனுக்கு விளக்கிச் சொன்ன வாக்கியம் என்னுடைய பாடக் குறிப்பில் இருந்ததைவிடத் தெளிவாக இருந்தது. ஒரே கேள்விக்கு அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகளிலிருந்தும் விடை வந்ததை, அதுவும் ஒருவர் வழியை மற்றவர் கண்ணால் பார்க்கும்படி வந்ததை, நான் தனித்தனிப் பயிற்சித் தாள்களில் ஒருபோதும் கண்டதில்லை.

தமிழில் எண்ணும் குழந்தைக்கு இம்மாலை கூடுதலாக உதவுகிறது. இருபத்து மூன்று என்ற சொல்லிலேயே இரண்டு பத்துகளும் ஒரு மூன்றும் இருக்கின்றன. மாலையில் இரண்டு நிறப் பகுதிகளும் மூன்று மணிகளும் அதே வரிசையில் நிற்கின்றன. சொல்லும் பொருளும் இவ்வாறு ஒத்துப்போவதால் எண்பத்தொன்பது வரை குழந்தைகள் தடையின்றி வருகிறார்கள். அதற்கு அடுத்த எண்ணில்தான் தடுமாற்றம். எண்பதுக்குப் பின் ஒன்பதுபது என்று சொல்லாத குழந்தையை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன், அந்தப் பிழையில் நல்ல தர்க்கமும் இருக்கிறது. தொண்ணூறு என்ற சொல் ஒன்பதை நோக்கி நிற்காமல் நூறை நோக்கி நிற்கிறது. மாலையில் தொண்ணூறின் இடத்தைக் கையால் மூடி, நூறை எட்ட எவ்வளவு குறைகிறது என்று கேட்டபோது ஒரே ஒரு நிறப் பகுதி மட்டும் மிஞ்சியிருப்பதைக் குழந்தைகள் கண்டார்கள். தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு ஒளிந்திருப்பதையும் அவர்களில் ஒருத்திதான் முதலில் சொன்னாள். ஆங்கில எண்களைச் சொல்லும்போது தேர்ட்டீனும் தேர்ட்டியும் காதில் ஒன்றாகவே விழுகின்றன. மாலையில் ஒன்று 13ஆம் இடத்திலும் மற்றொன்று 30ஆம் இடத்திலும் இருப்பதைத் தொட்டுப் பார்த்த பிறகு அந்தக் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்தது.

கூட்டலுக்கு வருவோம். 47உடன் 28ஐக் கூட்ட, குழந்தைகள் 47இல் கிளிப்பை மாட்டி, இருபது தாவி 67க்குப் போய், மூன்று சேர்த்து 70ஐத் தொட்டு, மீதி ஐந்தையும் சேர்த்து 75இல் நின்றார்கள். அக்டோபர் மாதத்துக்குப் பின் மாலையைத் தொடாமல் கரும்பலகையில் ஒரு கோடு மட்டும் வரைந்து, அதே தாவல்களை வளைவுகளாகப் போடச் செய்தேன். அளவுக்குறிகள் எதுவும் இல்லாத இந்த எண்கோடு மாலையின் நிழல்தான். மாலையில் விரல் பழகாத குழந்தைக்கு அக்கோடு வெறும் கோடாகவே இருக்கும் என்பதால் அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. 52இலிருந்து 48ஐக் கழிக்கச் சொன்னபோது, கடன் வாங்கிக் கணக்குப் போடத் தொடங்கியவர்களை மாலையிடம் அனுப்பினேன். இரண்டு கிளிப்புகளுக்கும் நடுவில் நான்கே மணிகள் இருந்ததைக் கண்டு சிரித்தபடி திரும்பினார்கள்.

கிளிப்பை மாட்டும் முறையில் ஒரு நுட்பம் உண்டு. 27 என்பது இருபத்தேழாவது மணியின் பெயரன்று. இருபத்தேழு மணிகளும் முடிந்த இடம். ஆகவே கிளிப்பு மணியின் மேல் அமராமல், அந்த மணிக்கும் அடுத்ததற்கும் நடுவில் அமர வேண்டும். இதைத் தொடக்கத்தில் கவனிக்காமல் விட்டால், பின்னால் இரண்டு எண்களுக்கு இடைப்பட்ட தொலைவைக் கேட்கும்போது ஒன்று கூடியோ குறைந்தோ விடை வரும்.

எனக்கு விற்கப்பட்ட மாலையின் முதற்குறையும் இங்கேதான் வெளிப்பட்டது. மணிகளைத் தள்ளி இடைவெளி உண்டாக்கக் கயிற்றில் குறைந்தது ஒரு முழ அளவுக்காவது தளர்வு வேண்டும். இதில் நான்கு விரற்கடைகூட இல்லை, கிளிப்பு நுழையவே இடம் இருக்கவில்லை. உடன் தந்த பிளாஸ்டிக் கிளிப்புகள் இரண்டு வாரத்தில் உடைந்தன. கயிற்றின் முடிச்சு ஆகஸ்டில் அவிழ்ந்து மணிகள் அறை முழுவதும் உருண்டன. அன்று கணக்குப் பாட வேளை முழுவதையும் அவற்றைப் பொறுக்கிக் கோப்பதற்கே கொடுத்தேன். கோத்து முடித்த குழந்தைகள் கடைசிப் பத்தில் ஒன்பதுதான் இருக்கிறது என்று அறிவித்து, பீரோவுக்கு அடியிலிருந்து நூறாவது மணியை எடுத்து வந்தார்கள். இம்முறை ஏறத்தாழ இரண்டரை மீட்டர் நைலான் கயிற்றில் கோத்தோம்; அதன் பிறகு மாலை அறுந்ததும் இல்லை, கிளிப்புக்கு இடம் இல்லாமல் போனதும் இல்லை. வண்ணப்பூச்சு மட்டும் பொங்கல் விடுமுறைக்குள் பல மணிகளில் உதிர்ந்துவிட்டது. பூச்சு எதனால் ஆனது என்ற குறிப்பு உறையில் இல்லாதது, விரலை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகளுக்கான பொருளில் பொறுக்கத்தக்கதன்று.

நிறத் தேர்வு இன்னும் பெரிய தவறு. சிவப்பும் பச்சையும் அடுத்தடுத்து வரும் இந்த மாலையில், ஒரு சிறுவன் மட்டும் பத்துகளைத் தாவாமல் எப்போதும் ஒவ்வொன்றாகவே எண்ணினான். கணக்கில் பின்தங்கியவன் என்று ஒரு மாதம் அவனைத் தவறாக எடைபோட்டிருந்தேன். அந்த இரண்டு நிறங்களையும் அவனால் பிரித்தறிய இயலவில்லை என்பது, இலைகளை நிறவாரியாகப் பிரிக்கும் செயல்பாட்டின்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்த வகை நிறக்குறைபாடு சிறுமியரைவிடச் சிறுவர்களிடம் அதிகம் காணப்படுவது. வகுப்பறைப் பொருள் செய்கிறவர்கள் சிவப்பையும் பச்சையையும் இப்படி இணைக்கவே கூடாது. மாற்றித் தரும்படி கடையில் கேட்டேன். உறையைப் பிரித்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பச்சை மணிகள் ஐம்பதுக்கும் நானே வெள்ளைக் காகித வளையம் ஒட்டினேன். அடுத்த வாரமே அவன் பத்துப் பத்தாகத் தாவினான்.

மாலையின் எல்லையையும் சொல்ல வேண்டும். இருபத்தேழை 207 என்று எழுதும் குழந்தையை இது திருத்தாது, ஏனெனில் இலக்கங்களை எழுதும் முறை மாலையில் எங்கும் இல்லை. அதற்கு ஆணிமணிச்சட்டமும், ஒன்றன்மேல் ஒன்று அடுக்கும் எண் அட்டைகளும் வேண்டும். ஆனால் ஆணிமணிச்சட்டத்தில் பத்துகளின் கம்பியில் இருக்கும் மணியும் ஒன்றுகளின் கம்பியில் இருக்கும் மணியும் ஒரே அளவாக இருப்பதால், ஏன் ஒன்று பத்தாகிறது என்பது குழந்தைக்கு விளங்காது. நூறைத் தாண்டிய எண்களுக்கு விளக்குமாற்று ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிப் பயன்படுத்துவதே இன்றும் சிறந்தது. அதற்குச் செலவும் கிடையாது.

மாலையைத் தாமே செய்ய விரும்பும் ஆசிரியர்கள் பானப் புட்டிகளின் மூடிகளை இரண்டு நிறங்களில் சேர்த்து, நடுவில் துளையிட்டுக் கோக்கலாம். அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை மட்டும் எடுத்துவிட வேண்டாம். அந்த விதை நஞ்சு. துளையிட்டு ஓடு உடைந்த குன்றிமணி குழந்தையின் வாய்க்குப் போனால் உயிருக்கே ஆபத்து. வளாகத்தில் அங்கன்வாடியும் இருந்தால் பள்ளி முடிந்ததும் மாலையைக் கழற்றிப் பூட்டி வைப்பது நல்லது, ஏனெனில் உதிர்ந்த ஒரு மணி மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் அடைத்துக்கொள்ளக்கூடும்.

கடையில் வாங்குவோர் நான்கைச் சரிபார்த்தால் போதும்: நீலம்–வெள்ளை போன்ற தெளிவாக வேறுபடும் நிறங்கள், ஒரு முழத் தளர்வு, உதிராத பூச்சு, இறுகிய முடிச்சு. முதல் வகுப்பு மட்டும் நடத்துகிறவர்களுக்கு ஐந்து ஐந்தாக நிறம் மாறும் இருபது மணிச் சிறு மாலை போதுமானது. அதில் ஏழு மணிகளைப் பார்த்தவுடன் ஐந்தும் இரண்டும் என்று எண்ணாமல் சொல்லப் பழகுவார்கள். கோடை விடுமுறையில் எங்கள் ஊர்த் தச்சரிடம் புதிதாக நூறு மணிகளைக் கடையச் சொல்லியிருக்கிறேன். ஐம்பது மணிகளுக்கு நீலம் பூசப்படும், மற்ற ஐம்பதும் மரத்தின் நிறத்திலேயே இருக்கும். பழைய மாலை நான்காம், ஐந்தாம் வகுப்புகளுக்குப் போகிறது. அதைக் கேட்டு வாங்கியவர் அந்த அறையின் ஆசிரியர்தான்.