தெல்லிப்பழையில் சின்னம்மாவோடு: நோயாளர் நோயாளருக்குத் தரும் துணை

லண்டனிலிருந்து ஊருக்குப் போய் வருபவர்கள் பெரும்பாலும் வீதிகள், வங்கிகள், விமான நிலையம் பற்றியே எழுதுகிறோம். இம்முறை என் விடுமுறையின் பெரும்பகுதி யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழைப் புற்றுநோய் மருத்துவமனையில் கழிந்தது. மார்பகப் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை முடிந்து மருந்து ஏற்றிக்கொண்டிருந்த சின்னம்மாவுக்குத் துணையாகப் போனபோது, வைத்தியர்களும் தாதியரும் கட்டணமின்றிச் செய்யும் பணியின் அருகிலேயே, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத இன்னொரு பணியும் நடப்பதைக் கண்டேன்.

அந்த இடமே பிறர் துணையால் எழுந்ததுதான். 2011 இல் தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, ‘ட்ரெயில்’ என்ற பெயரில், நாட்டின் எல்லா இனத்தவரும் சேர்ந்து நடந்து திரட்டிய நிதி இதற்கு அடித்தளமானது. அதற்கு முன்னர் வடக்கின் நோயாளர் பலருக்குக் கொழும்புக்கு அருகிலுள்ள மகரகமப் புற்றுநோய் மருத்துவமனைதான் கதி. 2006 இல் ஏ9 வீதி மூடப்பட்ட காலத்தில் மனைவியைக் கப்பலில் திருகோணமலைக்கு ஏற்றி, அங்கிருந்து தெற்கே கொண்டுபோன கதையை ஒரு முதியவர் எனக்குச் சொன்னார். இப்போது அவரே நோயாளி. வீட்டிலிருந்து காங்கேசன்துறை வீதி பஸ்ஸில் வந்துவிடுகிறார்.

சின்னம்மாவுக்கு முதலில் ஏற்றியது செந்நிறமான டொக்சோரூபிசின் மருந்து. அது உடலுக்குள் போனபின் சிறுநீரும் சிவந்து போகும் என்பதைத் தாதி சொல்லியிருந்தாலும், பயத்தில் அவருடைய மனதில் அது பதியவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த கிளிநொச்சிப் பெண், “அம்மா, பயப்படாதேங்கோ, அது இரத்தம் இல்லை, ஒரு நாளிலே தெளிஞ்சிடும்” என்று சொன்னதுதான் பதிந்தது. இரண்டு மூன்று கிழமைகளில் தலைமயிர் கொட்டத் தொடங்கும், அதற்கு முன்பே கட்டையாக வெட்டிவிட்டால் தலையணையில் கொத்தாகக் காணும் துயரம் குறையும் என்றும், வாய் புண்ணானால் வெதுவெதுப்பான நீரில் உப்பும் அப்பச் சோடாவும் கலந்து கொப்பளிக்க வேண்டும் என்றும் அவர் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, காய்ச்சல் 100.4 பாகையைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் உடனே வந்துவிட வேண்டும் என்பதை இரண்டு தடவை சொன்னார். மருந்து ஏற்றி ஒரு கிழமை, இரண்டு கிழமைக்குள் வெண்குருதிக் கலங்கள் வெகுவாகக் குறையும்போது சாதாரணக் கிருமித் தொற்றே உயிரைப் பறிக்கலாம் என்பதால், அந்த ஒரு அறிவுரையின் பெறுமதி மிகப் பெரியது. ஏழாலையைச் சேர்ந்த இன்னொருவர், சத்திரசிகிச்சை செய்த பக்கத்துக் கையின் விரல்களால் சுவரில் படிப்படியாக மேலே ஏறும் பயிற்சியை, நடைபாதைச் சுவரிலேயே செய்து காட்டினார். அவர் அதைத் தாதியரிடமே கற்றவர். ஆனால் அந்தக் கையை உயர்த்த முடியும் என்று சின்னம்மா நம்பியது, அதே சத்திரசிகிச்சை முடிந்த ஒருத்தி உயர்த்திக் காட்டியதைக் கண்ட பிறகுதான்.

இதே வழியாகப் பிழையான செய்திகளும் வரும் என்பதை மறைக்க மாட்டேன். அன்னமுன்னா இலையை அவித்துக் குடித்தால் மருந்தே தேவையில்லை என்று ஒருவர் சொன்னபோது, சின்னம்மா உடனே நம்பினார். அந்தக் கிளிநொச்சிப் பெண்தான் அதையும் தடுத்து, “டொக்டரிட்டைக் கேட்காமல் ஒண்டும் குடியாதேங்கோ” என்றார். எனவேதான், இப்படிப்பட்ட கூட்டங்களில் விடயம் தெரிந்த ஒரு தாதியாவது உடனிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தத் துணை ஆயுளைக் கூட்டுமா என்று ஆராய்ச்சியாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 1989 இல் அமெரிக்க மனநல வைத்தியர் டேவிட் ஸ்பீகல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு, பரவிய மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்கள் குழுவாகக் கூடிப் பேசியபோது கூடுதலான காலம் வாழ்ந்தார்கள் என்றது. 2001 இல் கனடாவில் பமேலா குட்வின் குழுவினர் செய்த பெரிய ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை. ஆயினும் மனத்துயரமும் வலியுணர்வும் குறைந்தன, அதிலும் தொடக்கத்திலேயே அதிகம் துன்பப்பட்டவர்களுக்கே கூடுதலாகக் குறைந்தன. எனக்கு அதுவே போதிய காரணம்.

எங்கள் குடும்பங்களில் நோயின் பெயரையே நோயாளியிடம் சொல்லாமல் விடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அன்பினால்தான் மறைக்கிறார்கள். ஆனால் மறைக்கப்பட்டவர் அந்தக் கூடத்தில் யாரோடும் வாய் திறக்க முடியாமல், எல்லோரும் அறிந்த ஒன்றைத் தான் மட்டும் அறியாதவராக இருத்தப்படுகிறார். சின்னம்மாவின் மூத்த மகனும் முதலில் “கட்டி” என்று மட்டுமே சொல்லியிருந்தான். உண்மை தெரிந்த பிறகு அவர் அழுதார். அடுத்த தடவை போனபோது, பக்கத்தில் இருந்தவர்களிடம் தானாகவே கேள்வி கேட்கத் தொடங்கினார்.

லண்டனில் சாரிங் குறொஸ் மருத்துவமனை வளாகத்தில் 2008 இல் திறக்கப்பட்ட, புற்றுநோயாளருக்குத் துணை தரும் மகிஸ் நிலையத்துக்கு ஒரு தோழியோடு போயிருக்கிறேன். நடுவே ஒரு சமையலறை, பெரிய மேசை, தேநீர், பயிற்சி பெற்ற ஆலோசகர்கள். தெல்லிப்பழையில் நான் கண்ட பரிவு அதற்கு எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆனால் அது அந்தந்த நாளில் யார் பக்கத்துக் கதிரையில் இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. முல்லைத்தீவிலிருந்தோ, குறிகாட்டுவானுக்குப் படகில் வந்து பஸ் ஏறும் நெடுந்தீவிலிருந்தோ வருபவர், கடைசி பஸ்ஸைத் தவறவிடும் அச்சத்தில், மருந்து முடிந்தவுடன் எழுந்து ஓடுகிறார். நின்று பேச அவருக்கு நேரமில்லை.

ஆகவே வடக்கின் மருத்துவமனைகளுக்குக் கருவி வாங்க நிதி சேர்க்கும் எங்கள் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும், தூர இடத்து நோயாளருக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணச் செலவையும், தேவைப்பட்டால் ஒரு இரவு தங்கும் செலவையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கேட்கிறேன். சின்னம்மாவும் கிளிநொச்சிப் பெண்ணும் ஒரே நாளில் கிளினிக் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். புதிதாக மருந்து தொடங்கும் இருவரையும் தங்களோடு சேர்த்துக்கொண்டுள்ளார்கள். அந்த நால்வரின் பஸ் செலவை எங்கள் ஊர்ச் சங்கம் இந்த மாதம் முதல் ஏற்கிறது.