தொலைவிலிருந்து வீட்டு இசை சர்வரைப் பராமரித்தல்: ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாடும் இசை சர்வரை (பாடல்களைச் சேமித்து வீட்டு வலையமைப்பு வழியே கருவிகளுக்கு அனுப்பும் கணினியை) பெங்களூரில் இருந்தபடி சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். வீட்டில் அப்பாவும் அம்மாவும் மட்டுமே இருக்கிறார்கள். காலையில் ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரமும் மாலையில் மதுரை மணி ஐயரின் கச்சேரிப் பதிவுகளும் தடையின்றிக் கேட்க வேண்டும் என்பதே அவர்களுடைய தேவை. அதற்காக அவர்கள் எந்தப் பெட்டியின் பின்புறமும் கையை நுழைத்து ஒயரைப் பிடுங்கிச் செருகும் நிலை வரக்கூடாது என்பது நான் வைத்துக்கொண்ட விதி. இந்த அமைப்பில் உள்ள எல்லாவற்றையும் அந்த விதியை வைத்தே எடைபோடுகிறேன்.

மென்பொருள் லிரியன் மியூசிக் சர்வர். 2001-இல் ஸ்லிம் டிவைசஸ் நிறுவனம் தன் முதல் இசைக் கருவியுடன் வெளியிட்ட திறமூல மென்பொருளின் இன்றைய வடிவம் இது. 2006-இல் லாஜிடெக் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2012-இல் ஸ்குவீஸ்பாக்ஸ் என்ற அதன் இசைக் கருவிகளின் உற்பத்தி முடிவுக்கு வந்தது. 2024-இல் அவற்றுக்கான இணையச் சேவையும் மூடப்பட்டு, மென்பொருளுக்கு லிரியன் என்று பெயர் மாறியது. இத்தனைக்குப் பிறகும் எங்கள் வீட்டில் பாட்டு நிற்கவில்லை, ஏனென்றால் பாடல்களும் சர்வரும் வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. மாதச் சந்தா கட்டும் சேவைகளை விட்டு இதையே நான் பிடித்துக்கொண்டிருப்பதற்கு முதற்காரணம் அதுதான்.

டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் நிறுவிய சிறிய இன்டெல் கணினி ஒன்று சர்வராக இயங்குகிறது. பாடல்கள் யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் உள்ளன. கூடத்தில் பைகோர்பிளேயர் என்ற இசைக்கும் மென்பொருளை நிறுவிய, ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று ஆம்ப்ளிஃபயருடன் இணைந்து பாடுகிறது. இவை தவிர, ரௌட்டருக்குப் பக்கத்தில் பழைய ராஸ்பெர்ரி பை ஒன்று இசையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாமல், வெளியிலிருந்து நான் உள்ளே வருவதற்கான வாசலாக மட்டும் இயங்குகிறது. தொலைவிலிருந்து எதையாவது பராமரிக்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: கோளாறு வரக்கூடிய இயந்திரத்தின் வழியாகவே அதைச் சரிசெய்யப் போகும் பாதை அமையக்கூடாது. சர்வர் உறைந்துவிட்டால் அதற்குள் இருக்கும் தொலைவழி வசதியும் சேர்ந்தே உறைந்துவிடும்.

எங்கள் வீட்டு இணைய இணைப்புக்குத் தனிப் பொது முகவரி கிடையாது. ரௌட்டர் பக்கத்தில் வெளிமுகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்குவதாகத் தெரிந்தால், பல வீடுகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன என்று பொருள். அங்கே, வெளியிலிருந்து வரும் இணைப்புக்காக ரௌட்டரில் போர்ட் (இணைப்பு வாயில் எண்) திறந்துவைக்கும் பழைய முறை வேலை செய்யாது. அது வேலை செய்யும் இடத்திலும் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். லிரியனின் இணையப் பக்கம் 9000-ஆம் போர்ட்டில், நாமாக அமைத்தாலன்றிக் கடவுச்சொல்லே இல்லாமல் திறந்திருக்கும்; அதை ஊருக்கெல்லாம் திறந்து வைப்பது தகாது. ஆகவே வாசல் கணினியில், வெவ்வேறு இடங்களில் உள்ள கணினிகளை இணையத்தின் வழியே ஒரே தனி வலையமைப்பாக இணைக்கும் டெயில்ஸ்கேலை நிறுவி, வீட்டு வலையமைப்பு முழுவதற்கும் அதுவே வழிகாட்டும்படி அமைத்தேன். வயர்கார்டு என்ற மறையாக்க நெறிமுறையின் மேல் இயங்கும் இந்தச் சேவை இத்தனை காலத்தில் எனக்குப் பெரும் நம்பிக்கையைத் தந்திருக்கிறது. கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. இயல்பாக ஒவ்வொரு கணினிக்கும் அது தரும் அடையாளச் சாவி 180 நாட்களில் காலாவதியாகும். வீட்டில் விட்டுவரும் கணினிக்கு அந்தக் காலாவதியை நிர்வாகப் பக்கத்தில் முன்கூட்டியே நிறுத்திவைக்க வேண்டும். இல்லையென்றால் ஒருநாள் வாசலே பூட்டிக்கொள்ளும். இணைப்புகளை ஒருங்கிணைக்கும் சர்வர் ஒரு நிறுவனத்தின் கையில் இருப்பது மட்டும் எனக்கு முழு உடன்பாடில்லை.

"தம்பி, பாட்டு நின்னுடுச்சுப்பா" என்று அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தால், கணினியை மறுதொடக்கம் செய்வது நான் கடைசியாக எடுக்கும் நடவடிக்கை. வாசல் கணினிக்குள் நுழைய முடிகிறதா என்று முதலில் பார்ப்பேன். முடிந்தால் மின்சாரமும் இணையமும் இருக்கின்றன. அடுத்து, அங்கிருந்து சர்வர் கணினிக்கு எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கட்டளையிடும் இணைப்பு) கிடைத்தால் இயங்குதளம் உயிரோடு இருக்கிறது. அப்போது லிரியன் சேவையை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் பெரும்பாலும் போதும், அரை நிமிடத்தில் கூடத்துக் கருவி தானாகவே சர்வரைக் கண்டுபிடித்து இணைந்துகொள்ளும். கணினி முழுவதையும் ரீபூட் செய்வது எளிதாகத் தோன்றினாலும், ஓடிக்கொண்டிருக்கும் ஹார்ட் டிஸ்கை ஒவ்வொரு முறையும் தேவையில்லாமல் அலைக்கழிப்பது அது. பிற்பாடு இந்தச் சோதனையையே சிறு நிரலாக எழுதி வாசல் கணினியில் வைத்துவிட்டேன். அது சர்வரின் ஜேசன் இடைமுகத்திடம் (நிரல்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் வழியிடம்) நிலவரம் கேட்கிறது. இருமுறை தொடர்ந்து பதில் வராவிட்டால் சேவையைத் தானே மறுதொடக்கம் செய்கிறது. கணினி பதில் தருகிறதா என்று மட்டும் பார்க்கும் பிங் சோதனை இதற்கு உதவாது, ஏனென்றால் லிரியன் செயலிழந்து கிடக்கும்போதும் இயங்குதளம் பிங்குக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும். அதே நேரத்தில், பாடல் நூலகத்தை வருடும்போது (ஸ்கேன் செய்யும்போது) சர்வர் தாமதமாகப் பதில் தரக்கூடும் என்பதால் காத்திருக்கும் நேரத்தைத் தாராளமாக வைக்க வேண்டும்.

ரீபூட் செய்தே ஆக வேண்டிய நேரங்களில்தான் உண்மையான சோதனை வருகிறது. கணினி நல்லபடியாக எழுந்து வருமா என்பதே கேள்வி. இங்கே இரண்டு அமைப்புகளை விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் தொலைவழிப் பராமரிப்பின் பலம் முழுவதும் இவற்றில்தான் இருக்கிறது. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும், டெபியனின் எஃப்எஸ்டேப் கோப்பில் யுஎஸ்பி டிஸ்க்குக்கான வரியில் 'நோஃபெயில்' என்ற சொல் இல்லாவிட்டால், டிஸ்க் கிடைக்காத நாளில் கணினி அவசர நிலைக்குள் போய், திரையும் விசைப்பலகையும் கொண்டுவந்து இணைக்கும்வரை அங்கேயே நின்றுவிடும். எஸ்எஸ்எச் தொடங்கவே தொடங்காது. அந்தச் சொல்லைச் சேர்த்தால் டிஸ்க் இல்லாமலும் கணினி எழுந்துவிடும். ஆனால் அதிலிருந்து வேறொரு தொல்லை பிறக்கிறது: டிஸ்க் இணையாத நிலையில் லிரியன் தொடங்கி, வெறுமையான பாடல் கோப்புறையை வருடினால், பாடல்களெல்லாம் நீக்கப்பட்டுவிட்டதாகக் கொண்டு நூலகத்தைக் காலி செய்துவிடும். அதனால், டிஸ்க் இணைந்திருந்தால் மட்டுமே இந்தச் சேவை தொடங்கலாம் என்ற நிபந்தனையை, சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் லிரியனுக்கான அமைப்பில் எழுதிவைக்க வேண்டும். ஒன்றை மட்டும் செய்து மற்றதை விட்டால் பாதுகாப்பு முழுமையாகாது.

சில சமயம் யுஎஸ்பி டிஸ்க் பதில் தராமல் சிக்கிக்கொள்ளும்போது ரீபூட் கட்டளையே முடிவில்லாமல் காத்திருக்கும். அப்போது கெர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதியின்) சிஸ்ஆர்க்யூ என்ற அவசரக் கட்டளை வசதி கைகொடுக்கிறது: எழுதவேண்டியதை எழுது, கோப்பு முறைமைகளைப் படிக்க மட்டும் என்று மாற்று, உடனே மறுதொடக்கம் செய் என மூன்று கட்டளைகளை எஸ், யு, பி (s, u, b) என்ற ஒற்றை எழுத்துகளாக வரிசையாக அனுப்பலாம். மின்சாரத்தைத் துண்டிப்பதைவிட இது எவ்வளவோ மேல். எஸ்எஸ்எச்சும் கிடைக்காத அளவுக்குக் கணினி உறைந்துபோனால், மதர்போர்டில் உள்ள வாட்ச்டாக் டைமரை (கணினி உறைந்துவிட்டதா என்று கவனிக்கும் கடிகாரத்தை) சிஸ்டம்டியின் வழியாக முன்பே இயக்கிவைத்திருந்தால் அது தானாகவே ரீசெட் செய்துவிடும்.

வலையமைப்பு வழியே செய்தி அனுப்பிக் கணினியை இயக்கும் வேக்-ஆன்-லேன் பற்றிப் பலர் மிகையான எதிர்பார்ப்பு வைத்திருக்கிறார்கள். 102 பைட் கொண்ட அந்தச் சிறு செய்தி அணைந்திருக்கும் கணினியை எழுப்பும். உறைந்துபோன கணினியை ஒன்றும் செய்யாது. டெயில்ஸ்கேல் வழியாக அது நேராகப் போய்ச் சேராது என்பதால் வாசல் கணினியிலிருந்துதான் அனுப்ப வேண்டும். நெடுநேர மின்தடைக்குப் பிறகு சில கணினிகளின் நெட்வொர்க் அட்டை அதைக் கேட்கும் நிலையிலேயே இருப்பதில்லை. அதைவிட, மின்சாரம் திரும்பியதும் தானே இயங்கு என்று பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புப் பக்கத்தில்) அமைப்பது நம்பகமானது. பராமரிப்புக்காகப் பகல் முழுதும் கரண்ட் நிறுத்தப்படும் நாட்களில் எங்களைக் காப்பாற்றுவது அந்த ஓர் அமைப்புதான்.

கிளவுடு இல்லாமல் வீட்டுக்குள்ளேயே இயங்கவைக்கும் டாஸ்மோட்டா மென்பொருள் ஏற்றிய இரண்டு ஸ்மார்ட் பிளக்குகளும் வீட்டில் இருக்கின்றன. ஒன்று சர்வருக்கு, மற்றொன்று ரௌட்டருக்கு. ரௌட்டரின் மின்சாரத்தை அணைத்தால் அதை மீண்டும் இயக்கச் சொல்லும் பாதையும் அறுந்துவிடும் என்பதால், 'அணை, பத்து விநாடி பொறு, இயக்கு' என்ற மூன்றையும் ஒரே தொடர்க் கட்டளையாக அனுப்ப வேண்டும். அதை வாங்கிக்கொண்ட பிளக் பிறகு யாருடைய உதவியும் இல்லாமல் தானே செய்து முடிக்கும். நிறுவனத்தின் கிளவுடு சேவையை நம்பி இயங்கும் பிளக்குகளில் இந்த உறுதி இல்லை. சர்வருக்கான பிளக்கை நான் தொடுவது மிக அரிது, தொடவும் தயங்குகிறேன். பாடல்கள் கெடாவிட்டாலும், எந்தப் பாடலை எத்தனை முறை கேட்டோம் என்பதையும் மதிப்பெண்களையும் வைத்திருக்கும் தரவுத்தளம் எழுதப்படும் நேரத்தில் மின்சாரம் போனால் சேதமாகலாம். அந்தக் கோப்பு நாள்தோறும் வாசல் கணினிக்கு நகலெடுக்கப்படுகிறது. கூடத்துக் கருவியில் இந்தக் கவலையே கிடையாது. பைகோர்பிளேயர் முழுவதும் நினைவகத்தில் ஏறி இயங்குவதால், எந்த நேரத்தில் கரண்ட் போனாலும் மெமரி கார்டு கெடுவதில்லை. அப்பா இரவில் சுவிட்சை அணைத்துவிட்டே தூங்கப் போகிறார்.

செலவுக்கு மிகுந்த பலன் தந்தது ரௌட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் வாங்கிய 12 வோல்ட் சிறு யுபிஎஸ். வீட்டு இன்வெர்ட்டரைச் சாதாரண நிலையிலிருந்து யுபிஎஸ் நிலைக்கு மாற்றியதும் அதே அளவு உதவியது. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் அந்தச் சிறு இடைவெளியில் சர்வர் திடீரென்று அணைந்து எழுவது அதன்பிறகு நின்றது. நான் தொலைவிலிருந்து தலையிடும் தேவையே வெகுவாகக் குறைந்தது.

பாதுகாப்புப் புதுப்பிப்புகள் தானாக நிறுவப்படும்படி வைத்திருக்கிறேன். அதன் தொடர்ச்சியான தானியங்கி ரீபூட்டை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறேன். கெர்னல் மாறியிருந்தால், அப்பா மதிய உணவுக்குப் பின் தூங்கும் நேரம் பார்த்து நானே ரீபூட் செய்து, கூடத்துக் கருவி இணைந்ததை லிரியனின் பக்கத்தில் பார்த்த பிறகே வெளியேறுகிறேன். டெபியனின் ஒரு பதிப்பிலிருந்து அடுத்த பதிப்புக்குப் போகும் வேலையை மட்டும் பெங்களூரிலிருந்து செய்வதில்லை. பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போகும்போது, திரையும் விசைப்பலகையும் பக்கத்தில் இருக்க, அங்கேயே உட்கார்ந்து செய்கிறேன்.