பின் ஆக்ஸிலை மாற்றுவதா, கிரவுனை மாற்றுவதா?

சின்னமனூரில் வாழைத்தார் ஏற்றி, லோயர் கேம்ப் தாண்டிக் குமுளி மலை ஏறி, வண்டிப்பெரியாறு, குட்டிக்கானம் வழியாகக் கோட்டயம் இறங்குகிற பிக்கப் என்னுடையது. போன வைகாசியில் பின்னாலிருந்து ஊளைச் சத்தம் வர ஆரம்பித்தது. ஆயில் பிளக்கைத் திறந்தால், கறுத்த ஆயிலோடு உளுந்து அளவுக்கு ஓர் இரும்புத் துண்டும் விழுந்தது. பின் ஆக்ஸிலுக்குள் சக்கரங்களைச் சுற்றவைக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் பல் போய்விட்டது.

பழைய உதிரிபாகக் கடையில் முழு ஆக்ஸில் அசெம்பிளி வாங்கி மாட்டலாம். இல்லையென்றால் என் ஹவுசிங்கிலேயே, அதாவது ஆக்ஸிலின் வெளிக்கூட்டிலேயே, புது கிரவுன், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியன் இரண்டும் சேர்ந்த செட், பேரிங், சீல் போடலாம். நான் செய்தது இரண்டாவது.

அசெம்பிளி என்றால் வேலை ஒரே நாளில் முடியும். ஹவுசிங் வளைந்துபோன வண்டிக்கு அதுதான் வழி. செலவும் குறைவு. "ஒரே கம்பெனி வண்டிதான் அண்ணே, அப்படியே உட்காரும்" என்றார் கடைக்காரத் தம்பி. அளந்து பார்த்தேன், ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடம், வீல் போல்ட், டிரம் எல்லாம் சரியாகவே இருந்தன.

ஆனால் ரேஷியோ, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றப் பினியன் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற கணக்கு, வேறு. பினியனின் வெளிமுனைத் தட்டான ஃபிளாஞ்சில் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு டிரம்மையும் சேர்த்து ஒரு சுற்று சுற்றினோம். கோடு நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றது. என் வண்டியில் கிரவுனுக்கு 41 பல், பினியனுக்கு 8. அதாவது ஐந்து சுற்றுக்கு மேல். மாட்டியிருந்தால் ஒவ்வொரு கியரிலும் இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். குமுளி வளைவுகளில் அரை கிளட்சில் ஏறி பிளேட்டைக் கருக்க வேண்டியதுதான். அதைக்கூடப் பொறுக்கலாம். குட்டிக்கானத்திலிருந்து முண்டக்கயம் வரை லோடோடு இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்துவது எஞ்சின்தான். அந்தப் பிடி தளர்ந்தால் பாரம் முழுக்க பிரேக்கில் விழும், லைனர் காயும். மழையில் அந்த இறக்கத்தை நினைத்ததும் முடிவு செய்துவிட்டேன்.

கிரவுன் வேலைக்குப் பொறுமை வேண்டும். கிரவுனும் பினியனும் ஜோடியாகவே வரும். ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. மெக்கானிக் பல்லில் களிம்பு தடவி, சுற்றி, தடம் பார்த்து, இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடான ஷிம்மை மூன்று முறை மாற்றினார். இரண்டு நாள் வண்டி நின்றது. அப்புறம் முதல் சில நூறு கிலோமீட்டர் லோடு குறைவாகவே எடுத்தேன். ஒரு மழைக்காலம் ஓடிவிட்டது, சத்தம் இல்லை. அதற்கு மேல் எனக்கு அனுபவம் கிடையாது. தேனி, கம்பம் என்று சமவெளியிலேயே ஓடுகிற வண்டி என்றால் அந்த அசெம்பிளியை நானே வாங்கச் சொல்லியிருப்பேன். ரேஷியோ குறைந்தால் ரோட்டில் எஞ்சின் நிதானமாக ஓடும்.

எதை மாட்டினாலும் ஹவுசிங் மேல் காற்றுப் போக இருக்கும் சின்னத் துவாரமான பிரீதரைப் பாருங்கள். அந்தக் கடை அசெம்பிளியில் அது சேற்றில் இறுகிக் கிடந்தது. காற்றுப் போக வழியில்லை என்றால், சூட்டில் ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு பிரேக் லைனரில் இறங்கிவிடும்.