மெடிகேர் அட்டைகள்: மருத்துவரிடம் எதை நீட்டுவது?

அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தவர்கள் பலரிடம் காப்பீட்டு அட்டை ஒன்றோடு நிற்பதில்லை. இரண்டோ மூன்றோ இருக்கின்றன. மருத்துவமனை வரவேற்பில் எதை எடுத்து நீட்டுவது என்று அவர்கள் தடுமாறுவதை, பெற்றோரை அழைத்துச் செல்லும் பிள்ளைகள் நன்கு அறிவார்கள். தவறான அட்டையைக் கொடுத்தால் சிகிச்சை நடந்துவிடும். சில வாரங்கள் கழித்து, காப்பீடு பணம் தர மறுத்துவிட்டது என்ற கடிதமும் முழுத் தொகைக்கான பில்லும் வீட்டுக்கு வரக்கூடும். ஆகவே, இந்த அட்டைகள் நடைமுறையில் எந்த அளவுக்கு உதவுகின்றன என்பதை இங்கே மதிப்பிடுகிறேன்.

மெடிகேர் என்பது முக்கியமாக 65 வயதைக் கடந்தவர்களுக்கான அமெரிக்க அரசின் மருத்துவக் காப்பீடு. அதற்காக அரசு அனுப்பும் சிவப்பு, வெள்ளை, நீல நிற அட்டையிலிருந்து தொடங்கலாம். முன்பெல்லாம் அரசு ஒவ்வொருவருக்கும் தரும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணை அடிப்படையாகக் கொண்ட எண்ணே இதில் அச்சாகியிருந்ததால், பணப்பை தொலைந்தால் ஒருவருடைய அடையாளமே திருட்டுப்போகும் அபாயம் இருந்தது. 2018 ஏப்ரல் முதல் அனுப்பப்பட்ட புதிய அட்டைகளில், எழுத்தும் இலக்கமும் கலந்த 11 குறிகள் கொண்ட தனி எண் இடம்பெற்றது. இலக்கங்களோடு குழம்பக்கூடிய எஸ், எல், ஓ, ஐ, பி (B), இசட் ஆகிய எழுத்துகளை இந்த எண்ணில் பயன்படுத்துவதில்லை. பார்வை மங்கிய ஒரு முதியவர் தொலைபேசியில் தம் எண்ணைப் படித்துச் சொல்லும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்பது புரியும். இதை வடிவமைத்தவர்களின் அக்கறையை மனமாரப் பாராட்டுகிறேன். அட்டை தாளால் ஆனது என்பது சிறு குறைதான். தொலைந்தாலும் மெடிகேர் இணையதளத்தில் கணக்கைத் திறந்து இன்னொரு பிரதியை அச்சிட்டுக்கொள்ளலாம்.

பெரிய குறை வேறொன்று. பார்ட் ஏ எனப்படும் மருத்துவமனைக் காப்பீடும் பார்ட் பி எனப்படும் மருத்துவர் காப்பீடும் எந்தத் தேதியில் தொடங்கின என்பதை மட்டுமே இந்த அட்டை காட்டும். அதை வைத்திருப்பவர் பின்னர், அரசு நேரடியாகப் பணம் தருவதற்குப் பதிலாகத் தனியார் நிறுவனம் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டத்தில் சேர்ந்திருந்தாலும், அந்தச் செய்தி அட்டையில் எங்கும் இராது. இன்று மெடிகேரில் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அட்வான்டேஜ் திட்டங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் பழக்கத்தால் அரசு அட்டையை நீட்டினால், வரவேற்பில் இருப்பவர் அதை நம்பி அரசுக்கே பில் அனுப்புவார், அரசு அதை மறுத்துவிடும். இத்தனை சிக்கலுக்கும் காரணம் இந்த ஒரு விடுபடல்தான் என்பது என் கருத்து.

எனவே, அட்வான்டேஜில் இருப்பவர்கள் மருத்துவரிடமும், மருந்துக் காப்பீடும் அதே திட்டத்தில் அடங்கியிருந்தால் மருந்துக்கடையிலும், அந்தத் திட்டத்தின் அட்டையையே காட்ட வேண்டும். அரசு அட்டையை வீட்டில் பத்திரமாக வைக்கலாம். ஆனால் எறிந்துவிடக் கூடாது. வாழ்வின் இறுதிக்கட்டப் பராமரிப்பான ஹாஸ்பிஸ் சேவைக்கும், சில மருத்துவ ஆய்வுகளில் பங்கேற்பதற்கும் அரசின் மெடிகேரே பணம் தருவதால், அப்போது அது தேவைப்படும்.

அட்வான்டேஜில் சேராமல் அரசின் மெடிகேரிலேயே இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அரசு அட்டையோடு மெடிகேப் எனப்படும் துணைக்காப்பீட்டின் அட்டையையும், மருந்துகளுக்கான பார்ட் டி அட்டையையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டும். மூன்றைச் சுமப்பது தொல்லைதான். அதிலும் தடுப்பூசி விஷயம் பலரைக் குழப்புகிறது: ஃப்ளூ ஊசி பார்ட் பி கணக்கில் வருவதால் அதற்கு அரசு அட்டை, அக்கிப் புடைப்புக்கான ஷிங்கிள்ஸ் ஊசி பார்ட் டி கணக்கில் வருவதால் அதற்கு மருந்து அட்டை. ஒரே கடையில், ஒரே நாளில் போட்டுக்கொண்டாலும் இப்படித்தான்.

ஆயினும் மெடிகேப் கட்டணத்தைத் தாங்க முடிந்தவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இந்த மூன்று அட்டை ஏற்பாட்டையே. அரசு அட்டையை ஏற்கும் மருத்துவரைத் தேடி நாட்டின் எந்த மாநிலத்துக்கும் போகலாம்; அட்வான்டேஜ் அட்டையோ, அவசரச் சிகிச்சை நீங்கலாக, பெரும்பாலும் திட்டத்தின் வலையமைப்புக்குள், அதாவது அதனுடன் ஒப்பந்தத்தில், இருக்கும் மருத்துவர்களிடமே முழுப் பயன் தரும். அட்வான்டேஜ் திட்டங்களில் ஓராண்டில் நம் கையிலிருந்து செலவாகும் தொகைக்கு உச்சவரம்பு உண்டு என்பது உண்மைதான். 2025இல் வலையமைப்புக்குள் அது அதிகபட்சம் 9,350 டாலர். அரசின் மெடிகேரில் அப்படி ஒரு வரம்பு கிடையாது, பார்ட் பி சேவைகளில் 20 சதவீதம் பொதுவாக நம் பொறுப்பு. மெடிகேப் அட்டை அந்த இடைவெளியை நிரப்பத்தான் இருக்கிறது. 65 வயதில் பார்ட் பி தொடங்கியதும் கிடைக்கும் ஆறு மாதங்களுக்குள் அதை வாங்கிவிட வேண்டும். அதன் பிறகு பெரும்பாலான மாநிலங்களில், உடல்நிலையைக் காரணம் காட்டி நிறுவனம் மறுக்கலாம்.

இன்னும் வேலையில் இருந்து, 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனத்தின் காப்பீட்டையும் வைத்திருப்பவர், இரண்டு அட்டைகளையும் காட்டி, நிறுவனக் காப்பீடே முதலில் பணம் தரும் என்று சொல்லிவிடுவது நல்லது. குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் உதவி பெறுபவர்கள் அந்த அட்டையையும் ஒவ்வொரு முறையும் காட்ட வேண்டும்.

வெளிநாட்டுப் பயணத்தில் அரசு அட்டை அநேகமாகப் பயன்படாது. ஜி (G), என் (N) என்ற எழுத்துகளால் குறிக்கப்படுபவை போன்ற சில மெடிகேப் திட்டங்கள் மட்டும், பயணத்தின் முதல் 60 நாட்களுக்குள் நேரும் அவசரச் சிகிச்சைக்கு, முதல் 250 டாலரை நாம் செலுத்திய பின் மீதியில் 80 சதவீதம் தருகின்றன. அதற்கும் வாழ்நாள் வரம்பு 50,000 டாலர். இந்தியாவுக்கு நீண்ட விடுமுறையில் செல்லும் பெற்றோருக்குத் தனியே பயணக் காப்பீடு எடுப்பதே பாதுகாப்பு.

அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான சேர்க்கைக் காலத்தில் திட்டத்தை மாற்றியவர்களுக்கு ஜனவரி 1 அன்று புதிய அட்டை நடைமுறைக்கு வருகிறது. அன்றே பழைய திட்டத்தின் அட்டையைப் பணப்பையிலிருந்து எடுத்துவிட்டு, அடுத்த முறை மருத்துவரிடமும் மருந்துக்கடையிலும் புதியதைக் கொடுத்துப் பதிவேட்டில் மாற்றச் சொல்ல வேண்டும்.