கப்பல்ல டிப்ஸ்: முன்னாடியே கட்டுறதா, கையில குடுக்குறதா?

போன மே லீவுல வீட்டோட சிங்கப்பூர் போயி அங்கேருந்து 4 ராத்திரி க்ரூஸ் போயிட்டு வந்தோம். பினாங்கு, புக்கெட் ரெண்டையும் தொட்டுட்டு மறுபடி சிங்கப்பூர்லயே கொண்டாந்து இறக்கிவிட்டாங்க. நான், பொண்டாட்டி, பிள்ளைக ரெண்டு, எங்க ஆத்தா, ஆக அஞ்சு பேரு. திரும்பி வந்ததுலேருந்து காரைக்குடியில பாக்குறவுகள்லாம் கேக்குறது சாப்பாடு எப்படி இருந்துச்சு, தலை சுத்துச்சா, இதுதான். ஆனா புக் பண்றப்ப எங்க வீட்டுல ரெண்டு நாள் சண்டை நடந்தது டிப்ஸுக்காக.

புக்கிங் பக்கத்துல எல்லாத்தையும் தட்டிட்டு கடைசிக்கு வந்தா ‘கிராஜுட்டி, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 18 டாலர் 50 சென்ட், இப்பவே கட்டுறீங்களா, கப்பல்ல கட்டுறீங்களா’ன்னு ஒரு கட்டம். டிப்ஸுக்குத்தான் அவுக அப்படிப் பேரு வச்சிருக்காக. ஆத்தா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தாக. “கிராஜுட்டியா? அப்பச்சி பேங்க்ல ரிடையர் ஆனப்பதானே குடுத்தாக, அது அஞ்சு வருசம் வேலை பாத்தாத்தானே உண்டு, நாம நாலு ராத்திரி படுத்து எந்திரிக்கிறதுக்கு எதுக்கு?”ன்னாக. சிரிச்சேன், ஆனா கணக்குப் போட்டதும் சிரிப்பு நின்னுருச்சு. 18.50, அஞ்சு பேரு, நாலு ராத்திரி, 370 டாலர். எல்லாம் அமெரிக்க டாலர், ஒரு டாலர் 85 ரூவான்னு வச்சாலே 31,450 ரூவா. பிள்ளைகளுக்கும் பெரியவுக ரேட்டுதான், அரை டிக்கெட்லாம் இதுல கிடையாது.

உங்களுக்கு முன்னாடி நாலு வழி இருக்கு. ஒண்ணு, வீட்டுலயே முன்கூட்டி கட்டிர்றது. ரெண்டு, ஒண்ணும் பண்ணாம விட்டா தினம் உங்க ரூம் கணக்குல தானா ஏறிக்கிட்டே வரும், கடைசி நாள் மொத்தமா கார்டுல எடுத்துக்குவாங்க. மூணு, கப்பல்ல கெஸ்ட் சர்வீஸ் கவுண்டருக்குப் போயி அந்த தானா ஏறுறதை நீக்கச் சொல்லிட்டு நம்ம கையால வேணுங்கிறவுகளுக்கு வேணுங்கிறதைக் குடுக்குறது. நாலு, டிக்கெட்டுலயே டிப்ஸும் அடங்கிருச்சுன்னு சொல்ற கப்பலாப் பாத்து போறது.

நாலாவதை சீக்கிரம் முடிச்சிர்றேன். சில்வர்சீ, சீபோர்ன், ரீஜன்ட் மாதிரி பெரிய காசுக் கப்பல்கள்ல அப்படித்தான், டிக்கெட் விலையே நமக்கு எட்டாது. சாதா கப்பல்லயும் சிலதுல உண்டு, பிரிட்டன்ல பி அண்ட் ஓ 2019ல இந்த தினப்படி டிப்ஸை எடுத்துட்டு விலையோட சேத்துட்டாங்க. மனசுக்கு நிம்மதி, ஆனா சிங்கப்பூர்லேருந்து நாங்க பாத்த தேதிக்கு அப்படி ஒண்ணும் மாட்டலை. மாட்டியிருந்தா இந்தப் பதிவே இல்லை.

ரெண்டாவது வழி நெறைய பேரு யோசிக்காமலே போற வழி. அதுல எனக்கு ரெண்டு விசயம் புடிக்கலை. கப்பல் கணக்கு டாலர்ல ஓடுது, நம்ம ஊரு கிரெடிட் கார்டுக்காரன் வெளிநாட்டுக் காசுன்னா பொதுவா மூணு மூணரை சதவீதம் மார்க்கப் போட்டு அதுக்கு மேல ஜிஎஸ்டியும் போடுவான். இன்னொண்ணு, ரூம் டிவியில கணக்கைத் தொறந்தா தினமும் அந்த 92 டாலர் 50 சென்ட் ஏறி நிக்கும். எங்க ஆத்தா மாதிரி ஆளு கூட இருந்தா தினம் காலையில காபியோட அந்தக் கணக்கையும் சேத்துக் குடிக்கணும். ரேட்டு ஏத்துனாங்கன்னா முன்னாடி கட்டுனவுகளுக்கு பொதுவா பழைய ரேட்டே நிக்கும், இவுகளுக்கு புது ரேட்டு, அதுவும் ஒண்ணு.

உண்மையான போட்டி ஒண்ணாவதுக்கும் மூணாவதுக்கும்தான். மூணாவது கட்சிக்கு எங்க வீட்டுத் தலைவர் என் சகலை. தேவகோட்டைக்காரக, ரெண்டு தடவை க்ரூஸ் போனவுக, ரெண்டு தடவையும் கவுண்டர்ல நின்னு நீக்கச் சொல்லிட்டு ரூம் பையனுக்கு 20 டாலரு, சாப்பாட்டு மேசைத் தம்பிக்கு 20 டாலருன்னு கையில குடுத்துட்டு வந்தவுக. அவுக வாதம் லேசுப்பட்டதில்லை. “டிக்கெட்டுக்கு காசு குடுத்தாச்சு, வேலை பாக்குறவனுக்கு சம்பளம் குடுக்க வேண்டியது கம்பெனி, அதை என் தலையில கட்டி டிப்ஸுன்னு பேரு வச்சா எப்படி? நம்ம ஊருல ஹோட்டல்காரன் சர்வீஸ் சார்ஜ் தானா போடக்கூடாதுன்னு 2022லயே நுகர்வோர் ஆணையம் சொல்லி, 2025 மார்ச்ல டெல்லி ஹைகோர்ட்டும் சரின்னுருச்சு, கப்பல்காரனுக்கு மட்டும் என்ன?”ம்பாக.

நியாயமாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கப்பல் நம்ம சட்டத்துக்குள்ள வராதே. நெறையக் கப்பல் பஹாமாஸ்லயோ பனாமாவுலயோ பதிவு பண்ணதா இருக்கும், எந்தக் கொடியோ அந்தச் சட்டம். கப்பல்ல இந்த டிப்ஸ் ஏற்பாடு அமெரிக்கா பழக்கத்தை ஒட்டுனது. அங்க டிப்ஸ் வாங்குற வேலைக்கு மத்திய சட்டப்படி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் குடுத்தாப் போதும், 1991லேருந்து அது மாறவே இல்லை, மிச்சத்தை வர்றவன் போறவன் குடுப்பான்னு ஏற்பாடு. கப்பல் சம்பளமும் அதே நெனைப்புலதான் போட்டிருக்காங்க. தப்பான ஏற்பாடுன்னு நானும் சொல்றேன், ஆனா நான் டிப்ஸை நீக்கிட்டா அந்த ஏற்பாடு மாறாது, துணி துவைக்கிறவன் பங்குதான் கொறையும்.

இதை நான் எங்கே கத்துக்கிட்டேன்னா கப்பல்ல இல்லை, எங்க வீட்டுல. கானாடுகாத்தான் பக்கம் பங்காளிக சம்மதத்தோட ஐயா (தாத்தா) காலத்து வீட்டுல ஏழு ரூம் ஒழுங்கு பண்ணி வெளிநாட்டு ஆளுக தங்க விடுறோம். அதனால டிப்ஸ் விசயத்துல வாங்குற பக்கமும் எனக்குத் தெரியும். டிசம்பர்லேருந்து பிப்ரவரி வரைக்கும் பிரெஞ்சுக்காரக வருவாக, அவுக ஊருல பில்லுலயே சர்வீஸ் சேந்திருக்கும், அதனால பெருசா குடுக்க மாட்டாக, மிச்ச சில்லறையை தட்டுல விட்டுட்டு போவாக, அது கஞ்சத்தனம் இல்லை, பழக்கம் அப்படி. அமெரிக்காக்காரரு பில்லை வாங்குனதும் போனை எடுத்து 20 சதவீதம் போட்டுப் பாப்பாரு. ஒரு தடவை ஜப்பான்லேருந்து ஒரு வயசான அம்மா வந்தாக, அந்த ஊருல ஹோட்டல்ல டிப்ஸ் குடுத்தா வாங்கவே மாட்டாங்க, ஆனா பழைய மாதிரி சத்திரங்கள்ல நம்மளைக் கவனிக்கிற அம்மாவுக்கு வந்து எறங்குனதுமே தாள்ல சுத்தி குடுக்குற வழக்கம் உண்டு. அதே மாதிரி வந்த அன்னைக்கே கவர்ல போட்டு ரெண்டு கையால நீட்டுனாக. நம்ம மொய்க் கவர் மாதிரியேன்னு எங்க ஆத்தாவுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சு.

விசயத்துக்கு வர்றேன். இவ்வளவு பேரு எவ்வளவோ விதமா குடுத்தாலும் குடுக்குற இடம் ஒண்ணுதான், முகப்பு, அதாவது வீட்டு முன்பக்கம். பெட்டியைத் தூக்குற தம்பி முகப்புல நிப்பான், உள்முற்றத்து வளவைச் சுத்திக் காட்டுறதும் அவன்தான், கிளம்புறப்ப கார்க் கதவைத் தொறக்குறதும் அவன்தான். வீட்டுல ஒவ்வொரு பகுதியையும் கட்டும்போம், ரெண்டாங்கட்டைத் தாண்டி அடுப்படியில கருப்பட்டிப் பணியாரம் சுட்ட அக்கா மூஞ்சியை ஒரு விருந்தாளியும் பாத்ததில்லை. கெணத்தடியில பாத்திரம் விளக்குற அம்மாவைப் பத்தி சொல்லவே வேணாம். ஒரு ஜனவரியில தம்பிக்கு சம்பளத்தை விட டிப்ஸ் ஜாஸ்தி வந்துருச்சு, அவனும் சும்மா இருக்காம அடுப்படியில வந்து புதுப் போனைக் காட்டியிருக்கான். மறுநாள் காலையில அக்கா அடுப்பைப் பத்த வைக்கலை, “நாளையிலேருந்து பணியாரத்தையும் அவனையே சுடச் சொல்லுங்க”ன்னு சொல்லிட்டு உக்காந்துருச்சு. அன்னைக்கு காலை பலகாரம் எங்க ஆத்தா கை.

அப்பறம்தான் முகப்புத் திண்ணையில ஒரு பித்தளை உண்டியலை வச்சு, கையில வாங்குறதை நிப்பாட்டி, மாசக் கடைசியில எல்லாருக்கும் பங்கு பிரிக்க ஆரம்பிச்சோம். முழுசா சரியா வந்துச்சான்னா இல்லை. ஓடியாடி வேலை பாக்குறவனுக்கும் ஒப்புக்கு நிக்கிறவனுக்கும் ஒரே பங்கான்னு அந்தத் தம்பி கேட்டான், அந்தக் கேள்விக்கு இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட பதில் கிடையாது, ஆறு மாசத்துல வேலையை விட்டுட்டும் போயிட்டான். ஆனா அடுப்படி நின்னதில்லை.

கப்பலும் ஒரு செட்டிநாட்டு வீடு மாதிரித்தான்னு எனக்குத் தோணுச்சு, என்ன, கட்டு ஜாஸ்தி. நம்ம பாக்குறது முகப்பை மட்டும், ரூம் சுத்தம் பண்ற தம்பி, மேசையில பரிமாறுற ரெண்டு பேரு. அவ்வளவு பேருக்கும் படுக்கை விரிப்பு, துண்டு துவைக்கிறவுக, ராத்திரி ரெண்டு மணிக்கு ரொட்டிக்கு மாவு பிசையிறவுக, தட்டு கழுவுறவுகள்லாம் கீழ்த்தளத்துல, நம்ம கண்ணுலயே பட மாட்டாங்க. தானா ஏறுற அந்த டிப்ஸ் உண்டியல் மாதிரி, ரூம் தம்பி, சாப்பாட்டு ஆளுகளோட இந்த மறைவுல வேலை பாக்குறவுகளுக்கும் சேத்துப் பிரியும்னு கம்பெனியே எழுதியிருக்கு. பிரிக்கிறப்ப நான் பக்கத்துல நிக்கலை, அதனால அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா கையில குடுத்தா அங்க போகவே போகாதுங்கிறதை அடிச்சுச் சொல்வேன், ஏன்னா நம்ம கைக்கு அவ்வளவு தூரம் நீளம் கிடையாது.

இன்னொரு சங்கதி சகலைக்குத் தெரியாது. சில கம்பெனிகள்ல, தானா ஏறுற டிப்ஸை நீக்கச் சொல்லிட்ட ரூம்காரங்க கையில குடுத்தா அந்தத் தம்பி அதைப் பொதுவுல, அதாவது எல்லாருக்கும் பிரிக்கிற காசுல, கட்டணும்னே விதி. டிப்ஸை நீக்காத ரூம்லேருந்து மேற்கொண்டு குடுத்தா அது அவனுக்கே. ஆக நாம அவன் கையைப் புடிச்சு “இது உனக்குத்தான்”னு குடுத்ததும் அவனுதா ஆகுமான்னு உறுதி இல்லை. வீட்டுல இதைச் சொன்னப்பதான் ரெண்டு நாள் சண்டை ஓஞ்சுச்சு, ஆத்தா “அப்ப முன்னாடியே கட்டித் தொலை”ன்னாக.

கட்டித் தொலைச்சோம். கப்பல்ல ஏறுன பெறகு டிப்ஸ் நெனைப்பே இல்லாம இருந்தது பெரிய சுகம், அதை அனுபவிச்சாத்தான் தெரியும். எங்க ரூம் தம்பி இந்தோனேசியாக்காரரு, ஏழு மாச கான்ட்ராக்ட்டாம், வீட்டுல சின்னப் புள்ளை இருக்குன்னாரு. தெனம் சாயங்காலம் துண்டை யானை மாதிரி, குரங்கு மாதிரி மடிச்சு வச்சு எங்க சின்னவளைக் குஷிப்படுத்துனாரு. கடைசி நாள் அவருக்கு மட்டும் 10 டாலரு கையில குடுத்தோம், அது சந்தோசத்துக்கு. இதுக்கு அமெரிக்கக் காசுல அஞ்சு டாலர், ஒரு டாலர் நோட்டா சிங்கப்பூர்லயே மாத்தி வச்சுக்கங்க. சில்லறைக் காசு குடுக்காதீங்க, அதை எங்க போயி மாத்துவாரு, நம்ம ரூவா நோட்டும் வேணாம்.

ஒரு இடத்துல ஏமாந்துராதீங்க. பார்ல ஜூஸ் வாங்குனாலும் 18 சதவீதம் டிப்ஸ் சேத்துத்தான் பில்லு வரும், கீழ கையெழுத்துப் போடுற எடத்துல மறுபடியும் டிப்ஸுன்னு ஒரு காலிக் கோடு விட்டிருக்கும். மொத நாள் நான் அதுலயும் ரெண்டு டாலர் எழுதிட்டேன், பொண்டாட்டி பில்லைப் பாத்துட்டு மொறைச்சா. ரெண்டாவது நாள்லேருந்து கோட்டை அடிச்சுட்டு கையெழுத்துப் போட்டேன்.

கரையில எறங்குனா கதையே வேற. சிங்கப்பூர்ல ஹோட்டல் பில்லுல 10 சதவீதம் சர்வீஸ், 9 சதவீதம் ஜிஎஸ்டி போட்டுருவாங்க, அதுக்கு மேல யாரும் எதிர்பாக்க மாட்டாங்க. பினாங்குல நாசி கண்டார் கடையில நம்ம தமிழ் ஆளு ஒருத்தரு பரிமாறுனாரு, மூணு ரிங்கிட் மீதியை மேசையில விட்டுட்டு வந்தேன், தெருமுனை வரைக்கும் ஓடி வந்து “அண்ணே காசை மறந்துட்டீங்க”ன்னு கையில திணிச்சுட்டுப் போயிட்டாரு. எங்க ஐயா ரஜூலா கப்பல்ல நாகப்பட்டினத்துலேருந்து டெக்குல படுத்துக்கிட்டு இதே பினாங்குக்குப் போனவுக, வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா உக்காந்தவுக. அங்க இருக்குற தண்ணீர்மலை முருகனைக் கும்பிட்டுட்டு ஆத்தா அதைத்தான் சொல்லிக்கிட்டே வந்தாக, “ஐயா போனப்ப கப்பல்காரனுக்கு டிப்ஸா குடுத்தாக, கட்டுச்சோறுல பாதியை பக்கத்துல படுத்திருந்தவனுக்குக் குடுத்தாக”ன்னு.

நான் போனது ஒரே தடவை, அதுவும் நாலு ராத்திரி. அலாஸ்கா, ஐரோப்பான்னு 14 நாள் போற குடும்பத்துக்கு நாலு பேருன்னாலே இதே ரேட்டுக்கு 1,036 டாலர் வருது, அந்தத் தொகையைப் பாத்தா எனக்கே கை நடுங்கும், அப்ப டிக்கெட்டுலயே அடங்குன கப்பலோட மொத்த விலையைப் பக்கத்துல வச்சுப் பாத்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன். அதே மாதிரி உண்மையிலயே கவனிப்பு மோசம்னா கவுண்டர்ல சொல்லி டிப்ஸைக் கொறைக்கலாம், கப்பலை விட்டு எறங்குறதுக்குள்ள சொல்லணும், வீட்டுக்கு வந்து மெயில் போட்டா வேலைக்கு ஆகாது. நெறைய கப்பல்ல முன்னாடி கட்டுனவுகளும் இதைக் கேக்கலாம், அதனால கட்டிட்டோமே கை கட்டிருச்சேன்னு பயப்பட வேண்டியதில்லை. கட்டுறதுக்கு முன்னாடி உங்க கப்பல்ல அப்படித்தானான்னு மட்டும் கேட்டுக்கங்க.

சகலை வர்ற டிசம்பர்ல மூணாவது தடவை போறாக. போன வாரம் குன்றக்குடியில பாத்தப்ப இந்த உண்டியல் கதை, பொதுவுல கட்டுற விதி எல்லாத்தையும் சொல்லி, “அயித்தான், முன்னாடியே கட்டிருங்க”ன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சாக. “அந்த 20 டாலரையும் புடுங்கிருவானா?”ன்னு மட்டும் கேட்டாக, கட்டுறேன்னு சொல்லலை.