மெயிலைப் பூட்ட எந்த மென்பொருள்? தண்டர்பேர்டு, கிளியோபாட்ரா, மெயில்வெலோப், புரோட்டான்

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டிப் பக்கம் பல குடும்பங்களில் ஒருவராவது சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார். பட்டா நகல், பாஸ்போர்ட் ஸ்கேன், பவர் பத்திரம் எல்லாம் மெயிலில்தான் போய்வருகின்றன. இரண்டு பக்கத்து மெயில் பெட்டியிலும் அவை வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு பாஸ்வேர்டு களவுபோனால் அத்தனையும் போச்சு. இதற்கு 1991-லேயே பில் சிம்மர்மேன் என்ற அமெரிக்க நிரலாளர் பிஜிபி (PGP) என்ற வழியைக் கொடுத்துவிட்டார்; மெயிலை மற்றவர் படிக்க முடியாத குறியீடாக மாற்றிப் பூட்டும் முறை அது. இதில் ஆளுக்கு இரண்டு சாவிகள், இரண்டும் கணினிக் கோப்புகள்தான். உங்கள் பொதுச்சாவியை யாருக்கும் தரலாம். அதை வைத்துப் பூட்டியதை உங்களிடம் உள்ள ரகசியச்சாவி மட்டுமே திறக்கும்.

வீட்டுக் கணினிக்கு என் தேர்வு, கணினியில் நிறுவி மெயில் பார்க்கும் தண்டர்பேர்டு. முன்பு எனிக்மெயில் என்ற துணை நிரலைத் தனியாகப் போட வேண்டும். 2020-இல் வந்த 78-ஆம் பதிப்பிலிருந்து பூட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது. கணக்கு அமைப்புகளுக்குள் போய்ச் சாவியை உருவாக்கினால் வேலை முடிந்தது. பூட்டிய மெயிலின் தலைப்பு வரியையும் அது மறைத்துவிடும்; 'நிலப் பத்திரம்' என்று தலைப்பு வைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம். ஒன்று மட்டும் கவனம்: முதன்மைக் கடவுச்சொல் வைக்காவிட்டால், அந்தக் கணினியில் உட்காரும் யாரும் உங்கள் மெயிலைப் படிக்கலாம். வீட்டில் எல்லோரும் புழங்கும் கணினி என்றால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

விண்டோஸுக்கான ஜிபிஜி4வின் (Gpg4win) என்ற மென்பொருள் தொகுப்பில் வரும் கிளியோபாட்ரா, மெயிலைவிடக் கோப்புகளுக்குத்தான் பொருத்தம். பத்திர ஸ்கேனைப் பூட்டி பென்டிரைவில் போட அதைவிட நல்லது இல்லை. அவுட்லுக் பயன்படுத்துபவர்களுக்கு அதற்கான இணைப்பும் கூடவே வருகிறது. ஆனால் அதன் சாவிக்கொத்து வேறு, தண்டர்பேர்டுடையது வேறு. ஒன்றிலிருந்து எடுத்து மற்றதில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

ஜிமெயிலை பிரவுசரில் மட்டுமே பார்ப்பவர்களுக்கு, பிரவுசரில் சேர்க்கும் துணை நிரலான மெயில்வெலோப். சாவி பிரவுசருக்குள்ளேயே இருப்பதால் பிரவுசிங் சென்டரில் இதைத் தொடவே கூடாது.

ஜிமெயில் போல இன்னொரு மெயில் சேவையான புரோட்டான் மெயிலில் இரண்டு பக்கமும் கணக்கு இருந்தால் நாம் எதுவும் செய்ய வேண்டியதில்லை, தானாகவே பூட்டிக்கொள்ளும். தலைப்பு வரிக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கே இருப்பவரும் புது முகவரிக்கு மாறச் சம்மதிப்பாரா என்பதுதான் கேள்வி. மாறுவார் என்றால், வயதான அப்பா அம்மாவுக்கு இதுவே சுலபம்.

மற்ற மூன்றில் எதை எடுத்தாலும், எதிர்ப்பக்கத்தவர் பெயரில் வந்த பொதுச்சாவி அவருடையதுதானா என்று பார்க்காமல் ஏற்காதீர்கள். வீடியோ காலில் அவர் தன் சாவியின் கைரேகை எண்ணை, அதாவது அந்தச் சாவிக்கே உரிய அடையாளத்தை, வாசிக்கட்டும். வழக்கமாக எண்ணும் எழுத்துமாக 40 இருக்கும், நான்கு நான்காக வாசித்தால் சரிபார்ப்பது எளிது.

அப்புறம், ரகசியச்சாவியின் காப்பு. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது இந்தப் பக்கம் எத்தனை வீட்டு ஓடு பறந்தது, எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம்! கணினியோடு சாவியும் போனால் பழைய மெயில்களை யாராலும் திறக்க முடியாது. சாவிக் கோப்பைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டி இரண்டு பென்டிரைவில் எடுங்கள். ஒன்று பீரோவில் இருக்கட்டும், மற்றது தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உள்ள உறவினர் வீட்டில்.